தாணே மடல்களும் கொரிந்து மடல்களும்

விவிலியத்தின் ஒரே பகுதிக்குத் தமிழ்க் கிறித்தவ மரபில் இரு பெயர்கள் வழங்குகின்றன. சீர்திருத்தத் திருச்சபையார் அதனை ‘நிருபம்’ என்பர். கத்தோலிக்கர் ‘திருமுகம்’ என்பர். கல்வெட்டுப் பயிற்சி உடையோர்க்குத் திருமுகம் என்னும் சொல் புதியதன்று. சோழர் சாசனங்களில் அரசன் விடுக்கும் எழுத்தாணை திருமுகம் எனப்படும். ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு விடுத்ததாகக் கூறப்படும் பதினோராம் திருமுறைப் பாசுரமும் திருமுகப் பாசுரம் என்றே பெயர் பெற்றது. பவுலின் மடல்களுக்கு இச்சொல்லைத் தெரிந்தெடுத்தபோது, மேலிருந்து கீழே வரும் ஆணை என்னும் பொருட்சாயல் அவற்றின்மேல் படிந்துவிட்டது. மடல்களைப் படித்துப் பார்ப்பவர்க்கு அவை அத்தகையன அல்ல என்பது விளங்கும். பூசல், பணத்தண்டல், தடைப்பட்ட பயணம், உடல்நோய், துணையின்மை ஆகியவையே அவற்றில் நிறைந்துள்ளன. (தலைவன் ஏறும் மடலோடு இம்மடலைக் குழப்பிக்கொள்ளும் அச்சம் இல்லாமையால் இக்கட்டுரையில் மடல் என்னும் சொல்லே ஆளப்படுகிறது.)

தாணே நகரிலிருந்தும் அதனைச் சூழ்ந்த கரையிலிருந்தும் கி.பி. பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட இரு இலத்தீன் மடல்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தாணேயின் தொடக்கக் கிறித்தவ வரலாறு இம்மடல்களைக் கொண்டு எழுதப்படாமல், இவற்றுக்குப் பின்வந்த ஒரு பயணக் கதையைக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. அதனால் இழந்தது யாது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. மடல்களால் அறியப்படும் நகரம் எத்தகையது என்பதைக் காண, முதலில் கொரிந்துவை நோக்குதல் பயன் தரும்.

கொரிந்து

கிரேக்க நாட்டின் தென்பகுதியை வடபகுதியோடு இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியில் அமைந்த நகரம் கொரிந்து. மேற்கே லெக்காயோன், கிழக்கே கெங்கிரேயா என இரு துறைமுகங்கள் அதற்கு உண்டு. கி.மு. 146இல் உரோமானியத் தளபதி மும்மியுஸ் அந்நகரை அழித்தார், கி.மு. 44இல் யூலியஸ் சீசரின் ஆணையால் அது உரோமானியக் குடியேற்றமாக மீண்டும் எழுந்தது. ஆகவே பவுல் கண்ட கொரிந்து பழம்பெருமையின் மேல் வணிகர், விடுதலை பெற்ற அடிமைகள், பல நாட்டுக் குடியேறிகள் வாழ்ந்த புதுநகரம். அங்கு அவர் ஒன்றரை ஆண்டு தங்கினார் எனவும், கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் இணையரோடு சேர்ந்து உழைத்தார் எனவும் அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் கூறும்.

கொரிந்து மடல்களின் தனித்தன்மை யாதெனின், அவை ஓர் உரையாடலின் ஒரு பாதி என்பதாகும். இன்றுள்ள முதல் மடலுக்கு முன்னரே பவுல் ஒரு மடல் எழுதியிருந்தார் என்பது அம்மடலின் ஐந்தாம் அதிகாரத்தாலும், கொரிந்தியரும் அவருக்கு எழுதியிருந்தனர் என்பது ஏழாம் அதிகாரத்தாலும் அறியப்படும். இரண்டும் கிட்டவில்லை. சபையில் பிரிவினை உண்டு என்ற செய்தியைக் கொண்டுவந்தோர் குலோவேயாள் என்னும் பெண்ணின் வீட்டார். அப்பெண் யார், கொரிந்தினளா எபேசினளா என்பனவெல்லாம் ஆய்வாளரிடையே வழக்குக்குரியன. ஆயினும் பெயர் நிற்கிறது. உரோமையருக்கு எழுதிய மடல் கொரிந்திலிருந்தே விடுக்கப்பட்டது என்பது பெரும்பான்மையோர் கருத்து. அதனைக் கொண்டுசென்றவள் கெங்கிரேயாத் துறைமுகச் சபையின் பணியாளர் பெபேயாள் என்பர். முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமைச் சபையிலிருந்து கிளமெண்டின் மடல் கொரிந்துக்கு வந்தது. இரண்டாம் நூற்றாண்டில் கொரிந்து ஆயர் தியொனீசியு பல சபைகளுக்கு மடல் விடுத்தார். தம் மடல்களிற் சிலர் வெட்டியும் ஒட்டியும் திரித்துவிட்டதாக அவர் வருந்திய செய்தியை யூசேபியு பதிவு செய்துள்ளார். மடல் எழுதியவர் உயிரோடிருக்கும்போதே மடல் திரிபடையும் என்பதற்கு இது பழஞ்சான்று. தாணேச் செய்திக்கு வரும்போது இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தாணேக் கரை

கொரிந்துக்கு நிலத்தொடுப்பு எப்படியோ அப்படியே தாணேக்கு அதன் உப்பங்கழி. சாஷ்டித் தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் அக்கழியின் உட்புறத்தே கல்யாணும், வடக்கே வசைக்கு அப்பால் சோபாராவும் உள்ளன. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான செங்கடற் பெரிப்ளூஸ் கல்யாணையும் சோபாராவையும் துறைமுகங்களாகக் குறிப்பிடுகிறது. ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் இந்திகோபிளெய்ஸ்தெஸ், மிளகு விளையும் மலைநாட்டிற் கிறித்தவர் உளர் எனவும், கல்லியானா என்னும் ஊரில் பாரசீகத்தில் திருநிலைப்படுத்தப்பட்ட ஆயர் ஒருவர் உளர் எனவும் எழுதினார். கல்லியானா இக்கல்யாணே எனப் பெரும்பாலோர் கொள்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ தாணாவைத் தனி அரசாகவே சுட்டினார். சில ஆண்டுகளில் இக்கரை தில்லி சுல்தானியரின் ஆட்சிக்குட்பட்டு, மாலிக் எனப்படும் ஆளுநரின் கீழ் வந்தது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர் நாள்தோறும் மின்தொடரில் கடந்து செல்லும் ஊர் இது. இதன் இடைக்கால வரலாற்றுக்கும் நம் கொல்லத்துக்கும் மயிலாப்பூருக்கும் உள்ள தொடர்பு தமிழில் அதிகம் பேசப்படவில்லை.

தொடர்பு ஒரு காற்றில் தொடங்குகிறது. 1321இல் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் நால்வர் ஓர்மூசில் கப்பலேறினர்: தொலெந்தினோ தோமா, பதுவை யாக்கோபு, சியன்னா பேதுரு, திபிலிசியைச் சேர்ந்த தெமெத்ரியு. இவருள் தெமெத்ரியு பன்மொழி அறிந்த துணைச்சகோதரர். தோமினிக்கு சபையைச் சேர்ந்த செவெராக் ஊரினரான ஜோர்தானுஸ் கத்தலானி இவர்களோடு சேர்ந்து வந்தார். அவர்கள் கொண்ட இலக்கு கொல்லம். கப்பல் சேர்ந்ததோ தாணே.

தொலெந்தினோ தோமா என்பவரைப் பற்றி ஒரு செய்தி ஈண்டுக் குறிக்கத்தக்கது. மொந்தேகொர்வினோ யோவான் சீனம் செல்லும் வழியில் மயிலாப்பூர்த் தோமா கோயிலில் பதின்மூன்று திங்கள் தங்கினார். உடன்வந்த பிஸ்தோயா நிக்கோலாஸ் அங்கே இறக்க, அக்கோயிலிலேயே அவரை அடக்கம் செய்தார். இவற்றை அவர் 1305இல் சீனத் தலைநகரிலிருந்து எழுதிய மடலிற் கூறுகிறார். அந்த யோவானின் மடல்களை மேற்கே கொண்டுசென்று 1307 அளவில் பாப்பரசர் ஐந்தாம் கிளமெண்டின் முன் வைத்தவர் இத்தோமாவே. அதன் விளைவாகவே யோவான் பேராயராக அமர்த்தப்பட்டார். சீனத்து மடலைச் சுமந்த கை தாணேயில் வீழ்ந்தது. பெபேயாளைப் போல மடல் சுமந்தோர் வரலாற்றில் ஒருவரிச் செய்தியாகவே நிற்பர்; அவர்களுள் இவர் ஒருவர்.

இரு மடல்கள்

முதல் மடல் 1321 அக்டோபர் 12இல் ‘காகா’ என்னும் இடத்திலிருந்து எழுதப்பட்டது. கம்பாயத்து வளைகுடாவில் உள்ள கோகா அது என்பார் ஹென்றி யூல். இரண்டாவது மடல் தாணேயிலிருந்தே எழுதப்பட்டது. அதன் ஆண்டைப் பழைய ஆண்டுக் கணக்கில் 1323 எனவும் இன்றைய கணக்கில் 1324 எனவும் குறிப்பர். இரண்டும் பாரசீகத்துத் தப்ரீசு முதலிய இடங்களில் இருந்த இரு சபைத் துறவியர்க்கும் விடுக்கப்பட்டவை. பாரிசு தேசிய நூலகத்தின் 5006ஆம் எண்ணுடைய இலத்தீன் கையெழுத்துப் படியில் இவை எஞ்சியுள்ளன.

முதல் மடலில் ஜோர்தானுஸ் தம்மை இந்தியாவில் தனித்திருக்கும் ஓர் ஏழைப் பயணி என்கிறார். நால்வரின் இறப்பை அவர் சொல்லும் முறை கருதத்தக்கது. குருத்து ஞாயிறுக்கு முந்திய வியாழனன்று, தாணேயில், என நாளும் இடமும் குறித்துவிட்டு உடனே வேலைக்குச் செல்கிறார். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 19இல் வந்தமையால் அவ்வியாழன் ஏப்ரல் 9 ஆகும். மூவர் அன்றும், பேதுரு 11ஆம் நாளும் இறந்தனர் என்பது மரபு. மடலின் நாட்குறிப்பு வியாழனோடு நின்றுவிடுவதால், பின்வந்த கதைகள் தரும் இரு நாள் இடைவெளி அதில் தென்படவில்லை. சுருக்கத்தினால் விட்டதாகவே கொள்ளலாம்.

அதன்பின் வருவன எல்லாம் கணக்குகள். பாரோக்கோ, அதாவது பரூச்சு, என்னும் நகரில் தொண்ணூறு பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தது; பின்னர் வேறு சிலர்க்குக் கொடுத்தது; தாணேக்கும் சோபாராவுக்கும் இடையே சிலர்க்குக் கொடுத்தது. துறவியர் வந்தால் எவ்வெவ்விடத்தில் எத்தனை பேர் தங்கலாம் என்றும் எழுதுகிறார்: சோபாரா, பரூச்சு, கொல்லம். தம் பொருள்களையும் இறந்தோர் விட்டுச்சென்ற பொருள்களையும் நூல்களையும் வருவோர்க்கென வைத்துச் செல்வதாகவும் கூறுகிறார். இடையே தலைவலி, மார்வலி, வயிற்றுவலி என்று உடலின் பாடும் வருகிறது. இலத்தீன் வணிகரிடம் கேட்டறிந்து எத்தியோப்பியாவுக்கு வழி திறந்திருப்பதாகத் தெரிவிப்பதும் இம்மடலிலேயே. ஆணை விடுக்கும் தொனி எங்கும் இல்லை. ஆள் அனுப்புங்கள் என்னும் வேண்டுதலே மீண்டும் மீண்டும் கேட்கிறது. திருமுகம் என்னும் சொல் இதற்குப் பொருந்தாது என்பதை வேறு சொல்லி விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் மடலில் நிலை மேலும் கடுமையாகிறது. கடற்கொள்ளையரிடம் சிக்கியது, சிறைப்பட்டது, குற்றஞ்சாட்டப்பட்டது, மேலுடையின்றித் திரிந்தது எனத் துன்பங்களை அடுக்குகிறார். தாம் பரூச்சுப் பக்கம் சென்றிருந்தபோது தோழர் கொல்லப்பட்டதையும், செனோவா நகரத்து இளைஞன் ஒருவனின் துணையோடு அவர்கள் உடல்களைச் சோபாராவுக்குக் கொண்டுபோய்த் தோமா கோயிலில் அடக்கியதையும் கூறுகிறார். நால்வர் இறக்கத் தாம் மட்டும் பிழைத்தது தம் பாவத்தினால் என்பது அவர்தம் எண்ணம். இவ்வளவுக்கும் நடுவே, பாப்பரசர் இக்கடலில் இரு போர்க்கப்பல்களை நிறுத்தினால் அலெக்சாந்திரியச் சுல்தானுக்கு எவ்வளவு இழப்பாகும் என்றும் எழுதுகிறார். இத்தொடரை அடியார் வரலாறு எழுதுவோர் விட்டுவிடுவதுண்டு. விடுவது முறையன்று. பிறரிடம் அடிபட்டு மேலாடையிழந்து நிற்கும் மனிதரே, மேலைக் கடல்வணிகத்தின் கணக்கையும் உள்ளத்தில் வைத்திருந்தார். இருநூறு ஆண்டுக்குள் இக்கடலில் நிகழ்ந்ததை அறிந்த நாம் அத்தொடரை அமைதியோடு படிக்க இயலாது.

ஒதோரிக்கின் கதை

போர்தெனோனே ஒதோரிக் 1322 அளவில் தாணேக்கு வந்தார். நால்வரின் எலும்புகளை எடுத்துக்கொண்டு கொல்லம், மயிலாப்பூர் வழியாகச் சீனத்துச் சைத்தூன் துறைக்குக் கொண்டுசென்று தம் சபையார் இல்லத்தில் வைத்தார். 1330இல் பதுவையில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பயண நூலில் தாணே நிகழ்ச்சி நீண்டு விரிகிறது. தீயில் இறக்கப்பட்ட யாக்கோபு வேகாமல் நின்றது முதலிய அற்புதங்களும் அதனுள் அடங்கும். பல கையெழுத்துப் படிகளில் பரவி ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்டது இந்நூலே. தாணேயைப் பற்றிப் பிற்காலத்தார் எழுதியதெல்லாம் பெரும்பாலும் இதன் வழிவந்தது.

ஒதோரிக்கை அப்படியே தள்ளிவிடுவதற்கில்லை. மடல்களில் இல்லாத ஒரு செய்தியை அவர் தருகிறார். அதுவே இக்கட்டுரையாளருக்கு முழுக்கதையிலும் பெரியதாகத் தோன்றுகிறது. துறவியர் தங்கியிருந்தது நெஸ்தோரியர் எனப் பிறரால் அழைக்கப்பட்ட கீழைச் சிரியத் திருச்சபையார் வீடு ஒன்றில். ஒருநாள் மாலை வீட்டுக்காரன் தன் மனைவியை அடித்தான். மறுநாட் காலையில் அவள் காஜியிடம் முறையிட்டாள். சான்று உண்டா எனக் காஜி வினவ, தன் வீட்டில் தங்கிய நான்கு ‘ரப்பான்’கள் கண்டனர் என்றாள். ரப்பான் என்பது துறவியைக் குறிக்கும் சிரியச் சொல். அருகிருந்த அலெக்சாந்திரியன் ஒருவன் அவர்கள் கற்றவர்கள், அழைத்துச் சமய வாதம் செய்யலாம் என்றான். வீட்டைக் காக்கப் பேதுரு நிற்க, ஏனையோர் சென்றனர். மனைவியின் வழக்கு ஒதுக்கப்பட்டது. சமய வாதம் தொடங்கியது. நபியைப் பற்றிய வினாவில் அது முற்றியது. மாலிக் முதலில் அவர்களைத் தப்பிப் போக விட்டார் எனவும், பின்னர்க் காஜியின் தூண்டுதலால் இரவில் ஆள் அனுப்பிக் கொல்லச் செய்தார் எனவும், இதனைக் கேள்வியுற்ற தில்லியரசர் அம்மாலிக்கைத் தண்டித்தார் எனவும் கதை செல்கிறது.

இவ்விடத்தில் கொரிந்தின் வழக்கு மன்றத்தை நினையாமல் இருத்தல் அரிது. அகாயா நாட்டு ஆளுநர் கல்லியோன், மெய்யியலார் செனெக்காவின் உடன்பிறந்தவர். அவர் பெயர் பொறித்த தெல்பிக் கல்வெட்டால் அவர் பதவிக்காலம் கி.பி. 51-52 அளவினது எனத் துணியப்பட்டுள்ளது. பவுலைப் பற்றிய வழக்கு அவர்முன் வந்தபோது, அது குற்றம் அன்று, சொற்களையும் பெயர்களையும் பற்றிய சமயப்பூசல் என்று கூறி விசாரியாது துரத்திவிட்டார். அவர் அமர்ந்த மேடையின் இடிபாடு 1896 முதல் அங்கு நிகழ்ந்துவரும் அமெரிக்க அகழாய்வுகளில் அடையாளம் காணப்பட்டுள்ளது. தாணேயில் நிகழ்ந்தது இதன் மறுதலை: குற்ற வழக்காக வந்தது சமயப்பூசலாக மாற்றப்பட்டது. கல்லியோனைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகப் புகழ்வதும் பொருந்தாது. அதே மன்றத்தின் முன்னர் சொஸ்தேனே என்பவரைக் கூட்டத்தார் அடித்தபோதும் அவர் பொருட்படுத்தவில்லை என அந்நூலே கூறுகிறது. இரு மன்றங்களிலும் அடிபட்டவருக்கு முறை கிட்டவில்லை.

தாணேப் பெண்ணின் வழக்கு என்னாயிற்று என்று ஒதோரிக் கூறவில்லை. கதைக்கு அவள் வாயில் மட்டுமே. வாயிலைக் கடந்தபின் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குலோவேயாளுக்குப் பெயர் உண்டு, இவளுக்கு அதுவும் இல்லை. எனினும் பெயரில்லாத இவளது முறையீட்டிலிருந்து சில உண்மைகள் உறுதியாகப் பெறப்படும். கிறித்தவக் குடும்பத்துப் பெண் கணவன்மேல் காஜியிடம் தானே சென்று முறையிடும் வழக்கம் அந்நகரில் இருந்தது. அவள் முறையீட்டைக் காஜி கேட்டுச் சான்று வினவினார். மேலை நாட்டுத் துறவியரைச் சுட்ட அவள் வாயில் வந்தது தன் திருச்சபையின் சிரியச் சொல். அற்புதங்களைக் கட்டிச் சேர்ப்போர் இத்தகைய சிறு வீட்டுச் செய்தியைப் புனைந்து சேர்க்கக் காரணம் இல்லை. தம் தியாகிகளின் இறப்பு ஒரு குடும்பச் சண்டையில் தொடங்கியது எனச் சொல்வது அவர்கள் நோக்கத்துக்குப் பெருமை சேர்ப்பதும் அன்று. எனவே கதையில் மிகவும் நம்பத்தக்க பகுதி இதுவே எனல் வேண்டும்.

எண்களைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை கூடாது. தாணேயில் நெஸ்தோரியர் வீடுகள் பதினைந்து என்கிறார் ஒதோரிக். மயிலாப்பூர்த் தோமா கோயிலை அடுத்தும் பதினைந்து வீடுகள் என்கிறார். மேலைக்கரையிலும் கீழைக்கரையிலும் ஒரே எண் வாய்த்தது தற்செயல் ஆகலாம். ‘சில’ என்பதற்கு அவர் வழங்கிய எண்ணாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டுக் கிறித்தவ வரலாறு எழுதுவோர் பதினைந்து என்னும் மயிலாப்பூர் எண்ணை மக்கள்தொகைச் சான்றாக எடுத்தாளும்போது தாணேப் பகுதியையும் உடன் படித்தல் நலம்.

வீடு கொடுத்தவர்கள்

கொரிந்து மடல்கள் நகரத்தை நோக்கி வந்தவை. தாணே மடல்கள் நகரத்திலிருந்து போனவை. ஒன்றில் நகரத்தாரின் மறுமொழி இழக்கப்பட்டது. மற்றொன்றில் நகரத்தாரிடம் யாரும் எதுவும் வினவவே இல்லை. துறவியர்க்கு உறையுளும் உணவும் தந்த கீழைச் சிரியத்தாரை ஒதோரிக் திருச்சபையிலிருந்து பிரிந்தோர், பிழைக்கொள்கையர் என்கிறார். சோபாராவில் உடல்களை ஏற்ற தோமா கோயில் இலத்தீனார் வருமுன்னரே அங்கு நின்றது. அது யாருடையது என்பதை ஊகித்தல் கடினமன்று. இவர்கள் எழுதிய மடலோ ஏடோ தாணேக்கரையில் கிடைக்கவில்லை.

இத்திருச்சபையின் குரல் கல்லிலும் செம்பிலும் ஒலிக்கும் இடத்தைத் தமிழாய்வாளர் நன்கறிவர். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு (கி.பி. 849) அவர்களுடைய பள்ளிக்கு ஐயனடிகள் திருவடிகள் நிலமும் குடிகளும் உரிமைகளும் வழங்கியதை வட்டெழுத்தில் பதிவு செய்கிறது, பகலவி, கூஃபி, எபிரேய எழுத்துகளில் சான்றொப்பங்களும் அதில் உள்ளன. தாணேக்குச் செல்லும் காற்று திசைமாறாதிருந்தால் நால்வரும் இறங்கியிருக்கக் கூடிய ஊர் அது. ஜோர்தானுஸ் பின்னர் அக்கொல்லத்துக்கே ஆயராக 1329இல் இருபத்திரண்டாம் யோவானால் நியமிக்கப்பட்டார். அவர் எழுதிய ‘மிராபிலியா’ என்னும் நூல் பலாவையும் மாவையும் தென்னையையும், இரும்பாணியின்றிக் கயிற்றால் தைத்த மரக்கலங்களையும், இலங்கைக்கும் நம் கரைக்கும் இடையே நிகழ்ந்த முத்துக்குளிப்பையும் விவரிக்கிறது. அந்நூலை யூல் 1863இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்க்கரைச் செய்திகளுக்காக நம்மவர் எடுத்தாள்வது பெரும்பாலும் அதனையே. வியப்புகளைச் சொல்லும் அந்நூலின் ஆசிரியரும், தலைவலியோடும் தனிமையோடும் மடல் எழுதியவரும் ஒருவரே என்பது அத்தகைய எடுத்தாட்சிகளில் தெரிவதில்லை. மடல்கள் இரண்டும் மிகச் சிறியன; மூலத்திலிருந்து நேரே தமிழாக்கம் செய்து, தரிசாப்பள்ளிச் செப்பேட்டோடும் மொந்தேகொர்வினோவின் மடல்களோடும் சேர்த்து ஒரு தொகுதியாக வெளியிடுதல் ஒரு பல்கலைக்கழகத் துறையின் ஆற்றலுக்கு உட்பட்ட பணியே.

சோபாராவில் 1882இல் பகவன்லால் இந்திராஜி அகழ்ந்து கண்டது பௌத்தத் தூபியையும் அதனுள் இருந்த பேழையையும். தோமா கோயிலின் சுவடு அங்கு வெளிப்படவில்லை. பழைய தாணே மாவட்டத்தில் அடங்கிய அவ்வூர் 2014 முதல் பால்கர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. நால்வரின் எலும்புகள் சீனம் சென்றன. மடல்கள் பாரிசில் உள்ளன. வீட்டை விட்டுக் காஜியிடம் சென்ற பெண் அன்று மாலை எவ்வீட்டுக்குத் திரும்பினாள் என்பதை எழுதிவைத்தவர் எவருமில்லை.